லெப்ட் அவுட் அடிச்ச கோல்

போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு படியிறங்கும்போது நீங்க நாலு பேரும் வந்து என்னை வளைச்சுக்கிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? நம்ம பழைய ஹெட்மாஸ்டருக்கு நினைவு நாள் கொண்டாடப் போறோம், அவரோட தம்பி மகள் நீ ஒருத்திதான் மிச்சம் இருக்கே, மேடையில நாலு வார்த்தை பேசுன்னு கேட்டீங்க. முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். முட்டியும் வலிக்கலை, ஒண்ணும் வலிக்கலை. பேச வேண்டியதை இங்கேயே சொல்லிடறேன், பொறுமை இருந்தா கேளுங்க. பொறுமை இல்லாட்டியும் கேக்கணும். ஏன்னா நீங்களும் அன்னிக்கு அங்கதான் இருந்தீங்க.

ஹெட்மாஸ்டர் உங்களுக்கு. எனக்கு அவர் பெரியப்பா. எங்கப்பா நான் கைக்குழந்தையா இருக்கும்போதே காலராவுல போயிட்டார். அம்மாவும் அண்ணனும் நானும் ரிச்சர்ட்ஸ் டவுன்ல பெரியப்பா வீட்டுக்குப் பின்னாடி இருந்த ஓட்டு ரூம்ல இருந்தோம். அம்மா கான்வென்ட்டுக்கு லேஸ் பின்னிக் குடுப்பாங்க. அரிசி பெரியப்பா வீட்டுலேர்ந்து வரும். அதனால பெரியப்பா தும்மினாகூட எங்கம்மா எழுந்து நிப்பாங்க.

அந்தக் கரும்பலகையை மறந்திருக்க மாட்டீங்க. பள்ளிக்கூட வாசல்ல, தூங்குமூஞ்சி மரத்தடியில, மூணு கால்ல நிக்குமே, அதுதான். தலைப்புல எப்பவும் 'இந்நாளில்'னு பெயின்ட்ல எழுதியிருக்கும். பெரியப்பா விடியக்காலையில கழுத்து மூடின கோட்டுப் போட்டுக்கிட்டு, தலையில டோபின்னு அந்த வெள்ளைக்காரத் தொப்பியோட வந்து, ஈரத்துணியால துடைச்சுட்டு எழுதுவார். இந்த நாள்ல எந்த ராஜாவுக்கு முடி சூட்டினாங்க, எந்தக் கப்பல் முழுகிச்சு, லண்டன்ல எந்த கிரிக்கெட் மேட்ச்ல யார் செஞ்சுரி போட்டாங்க, எல்லாம் வரும். எங்கேர்ந்துதான் பிடிப்பாரோ! நாம அதை மனப்பாடம் பண்ணணும். ஒரு தேதி தப்பினா முட்டியில பிரம்பு. ஜெர்மன் சண்டை நின்ன நாளுக்கு பரேட் கிரவுண்டுல பீரங்கி வெடிக்கும், ரெண்டு நிமிஷம் அசையாம நிக்கணும். மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது. நம்ம ஜனங்க செத்த நாள், பொறந்த நாள் எதுவும் அந்தப் பலகையில வராது. அதை நான் அப்ப கவனிக்கலை. சாக்பீஸ் வாசனையும் மழையில நனைஞ்ச மர வாசனையும் சேர்ந்து வருமே, அது எனக்குப் பிடிக்கும். கர்மம், இப்பவும் பிடிக்குது.

மனப்பாடத்துல நான்தான் முதல். அதனால பெரியப்பாவுக்கு என்மேல கொஞ்சம் பிரியம். 'இது மட்டும் ஆம்பளைப் புள்ளையாப் பொறந்திருந்தா'ன்னு சொல்லுவார். அண்ணனைப் பார்த்தா மட்டும் முகம் சுளிச்சுக்கும். அண்ணனுக்குப் படிப்பு ஏறலை. ஏழாவதோட நிறுத்திட்டு, தகரக் கடையில பெட்டி தட்டப் போயிட்டான். சாயங்காலம் ஆனா பந்து. செருப்புகூட இல்லாத காலு. இடது கால் கட்டைவிரல்ல எப்பவும் மஞ்சள் தடவின துணி சுத்தியிருக்கும். பெரியப்பா பார்த்துட்டு, "காலாலே சம்பாதிக்கிறது மாடுதான்"ம்பார். அண்ணன் சிரிப்பான். அவனுக்கு ரோஷமே வராது. அவனுக்கும் சேர்த்து எனக்குத்தான் வந்துது.

நம்ம பள்ளிக்கூடத்துப் பழைய பசங்க சேர்ந்த டீம் இருந்துதே, அண்ணன் ஆடினது அதுலதான், அதுக்கு செகரட்டரி பெரியப்பா. செகரட்டரின்னா பந்தைத் தொட்டவரில்லை. எந்தப் பக்கம் கோல் அடிக்கணும்னுகூடத் தெரியாது. வெள்ளைக்காரத் தொரைங்களுக்கு லெட்டர் எழுத இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் வேணுமேன்னு அவரை வெச்சிருந்தாங்க. கேப்டன் யாருன்னு கேக்கறீங்களா? பெரியப்பா மகளுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை. நல்ல வெள்ளையா, நடு வகிடு எடுத்து, பூட்ஸ் போட்டுக்கிட்டு ஆடுவார். மழை பெஞ்சா பந்துக்கிட்டயே போக மாட்டார், சேறு ஒட்டிக்கும்.

அந்த வருஷம், மாதா திருவிழாவுக்குக் கொடி ஏத்தறதுக்குக் கொஞ்ச நாள் முந்தி, பைனலுக்கு வந்துட்டோம். எதிர்ல ரெஜிமென்ட் டீம். அவனவன் கதவு உசரம் இருக்கான். நம்ம பசங்க பாதிப் பேர் வெறுங்காலு. பெரியப்பா நாம தோத்துடுவோம்னு முடிவே பண்ணிட்டார். மேட்ச் முடியற நேரத்துக்கு வந்தாப் போதும்னு வீட்டுல உக்காந்து, தோத்தவங்க சார்பா தொரைக்கு நன்றி சொல்ல இங்கிலீஷ்ல ஒரு பேச்சு தயார் பண்ணிக்கிட்டிருந்தார்.

நான் சோடாக்கடை பாயோட வண்டிமேல ஏறி நின்னு பார்த்தேன். தூறல் விழுந்துக்கிட்டே இருக்கு. பாய், "இறங்கு மா, பாட்டில் ஒடைஞ்சுடும்"ன்னு கத்தறார், ஆனா அவரும் சக்கரத்துமேல ஏறிட்டார். கடைசி நேரம். அண்ணன் ஓரக் கோட்டை ஒட்டினாப்பல ஓடறான், இடது பக்கம். ஒரு சோல்ஜர் பூட்ஸ் காலை நீட்டறான், இவன் தாண்டிட்டான். இன்னொருத்தன் வரான், அவன் சறுக்கி விழுந்தான். அப்பறம் அந்த மஞ்சத்துணி கட்டின காலாலே ஒரு அடி. கோல் காத்த வெள்ளைக்காரன் கையை நீட்டினபடியே நிக்கறான், பந்து வலைக்குள்ள. "யா அல்லா!"ன்னு பாய் என்னைத் தூக்கிக்கிட்டார். நாலு பாட்டில் ஒடைஞ்சுது, அவர் பார்க்கவே இல்லை.

இனிமேதான் விஷயம். கூடாரத்துப் பக்கத்துல ஸ்கோர் எழுத ஒரு பலகை வெச்சிருந்தாங்க. எழுதற கிளார்க்குக்கு நம்ம பசங்க பேர் தெரியாது. அதனால இடத்தைப் போட்டு எழுதினார். 'கோல்: லெப்ட் அவுட்'. இடது ஓரத்துல ஆடறவனை நம்ம கன்டோன்மென்ட்ல அப்படித்தானே சொல்லுவோம். ரைட் இன், ரைட் அவுட், லெப்ட் இன், லெப்ட் அவுட். பந்து பொறுக்கற பொடியனுக்குக்கூடத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது புஸ்தக இங்கிலீஷ். புஸ்தகத்துல லெப்ட் அவுட்னா 'விட்டுப் போச்சு'ன்னு அர்த்தம்.

குடையைப் பிடிச்சுக்கிட்டு அப்பத்தான் வந்து சேர்ந்தார். பசங்க எல்லாம் சேத்துல புரண்டு கத்திக்கிட்டிருக்காங்க. இவர் நேரா பலகைக்கிட்ட போய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படிச்சார். "அடப்பாவிங்களா! ஜெயிச்ச கோலை அடிச்சவன் பேரையே எழுதாம விட்டுட்டானே! அதையும் வெக்கமில்லாம எழுதியே வெச்சிருக்கான்!"ன்னார். கைக்குட்டையை எடுத்து அந்த ரெண்டு வார்த்தையையும் துடைச்சார். கோட்டுப் பையில எப்பவும் சாக்பீஸ் இருக்குமில்லை? அதை எடுத்து, அழகா, கேப்டன் பேரை எழுதினார்.

நான் கோட்டைப் பிடிச்சு இழுத்தேன். "பெரியப்பா, அண்ணன்தான் அடிச்சான். நான் பார்த்தேன்."

"உனக்கென்னடி தெரியும்? பேரு தெரியலைன்னா கேப்டன் பேரைப் போடறதுதான் மரியாதை."

"பேரு தெரியும் பெரியப்பா, அண்ணன் பேரு!"

"சும்னே இரு!"ன்னு அதட்டினார். கோவம் வந்தா அவருக்குக் கன்னடம் வந்துடும்.

அதுக்குள்ள போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுட்டார். பெரியப்பாவும் பசங்களும் வரிசையா நின்னாங்க, பலகை நடுவுல. அந்தப் போட்டோதான் இப்பவும் பள்ளிக்கூட ஹால்ல தொங்குது. கேப்டன் பலகையைத் திரும்பிப் பார்த்தார், தன் பேரைப் படிச்சார், வகிட்டைச் சரி பண்ணிக்கிட்டு கேமராவைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்க அண்ணன்மாருங்களும் அந்த வரிசையில நின்னாங்க. எல்லாருக்கும் ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் வேணும். சொல்லட்டுமா யார் யார்னு? வேண்டாம், போகட்டும்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அண்ணன் கட்டைவிரல் துணியை அவிழ்த்துக்கிட்டே, "லெப்ட் அவுட்னா நான் நிக்கற இடம்டி, அவருக்குப் புரியலை. நாளைக்குச் சொல்லிடறேன்"ன்னு சிரிச்சான். மறுநாள் போய்ச் சொன்னான். அவ்வளவுதான். "ஏழாங்கிளாஸ் படிச்சவன் எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?"ன்னு பெரியப்பா போட்ட சத்தம் பின்கட்டு வரைக்கும் கேட்டுது. அம்மா ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க. "அவர் படிச்சவர்டா. அவர் சொன்னா ஏதாவது இருக்கும். வாயை மூடு, உலை வெக்கணும்."

வெறும் பேரோட போயிருந்தா நானும் மறந்திருப்பேன். அந்த வாரமே மில்லுலேர்ந்து ஆள் வந்தாங்க. அவங்களும் டீம் வெச்சிருந்தாங்க. கோல் அடிச்ச பையனை அனுப்புங்க, வேலை போட்டுத் தரோம், குவார்ட்டர்ஸ் உண்டுன்னாங்க. பெரியப்பா டோபியைப் போட்டுக்கிட்டு, மாப்பிள்ளையை ஜட்கா வண்டியில ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போனார். மாப்பிள்ளை மில் ஆபீஸ்ல சேர்ந்தார். ரெண்டு மேட்ச் ஆடினார், அப்பறம் முதுகு வலின்னு உக்காந்தே வேலை பார்த்தார். அண்ணன் வாசல்ல நின்னு அந்த ஜட்கா போறதைப் பார்த்தான். அன்னிக்கு மட்டும் அவன் சிரிக்கலை.

கிறிஸ்துமஸ் கழிஞ்சு அண்ணன் கோலாருக்குப் போயிட்டான், தங்கச் சுரங்கத்துக்கு. பூமிக்குள்ள அவ்வளவு ஆழத்துல ஓடறதுக்கு இடம் ஏது? அங்க டீம்ல சேரறேன்னு சொல்லிட்டுத்தான் போனான். பந்தை என்கிட்டக் குடுத்துட்டுப் போனான். பிளாடர் காத்துப்போய், மூலையில கிடந்து, கடைசியில எலி கடிச்சுது.

அடுத்த வருஷம் அந்த நாள் வந்துது. 'இந்நாளில்' பலகையில மொதத் தடவையா நம்ம ஆளுங்க வரப்போறாங்கன்னு பெரியப்பாவுக்குத் தலைகால் புரியலை. தோரணம் கட்டினார், பாண்டு வெச்சார். அம்மா விடியறதுக்கு முன்னாடியே புலாவுக்கு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. சீப் கெஸ்ட் யார் தெரியுமா? அன்னிக்கு ரெஜிமென்ட்டுக்குக் கோல் காத்த அந்தத் தொரையேதான். வரலாற்றை இங்கிலீஷ்ல ஒப்பிக்கறது நான். பெரியப்பாவே எழுதி, பத்து நாள் சொல்லிக் குடுத்தார். இந்நாளில் எந்த ராஜா, இந்நாளில் எந்தப் போர், கடைசியா, இந்நாளில் நமது அணி வென்றது, கோல் அடித்தவர் நமது கேப்டன்.

நானும் ஒரு எழுத்துத் தப்பாம ஒப்பிச்சேன். ராஜா முடிஞ்சுது, போர் முடிஞ்சுது. பெரியப்பா கண்ணை மூடி ரசிச்சுக்கிட்டிருக்கார். கடைசி வரி வந்துது. மூச்சை இழுத்து, தொரையைப் பார்த்து, சத்தமா, "த கோல் வாஸ் ஸ்கோர்ட் பை அவர் லெப்ட் அவுட்!"ன்னேன்.

தொரை தொடையில அடிச்சுக்கிட்டு சிரிச்சார். "பை ஜோவ், யெஸ்! அவுட்சைட் லெப்ட்!"ன்னு எழுந்தே நின்னுட்டார். இடது பக்கம் ஓடி வரமாதிரி காட்டினார், கையை நீட்டிக்கிட்டுத் தான் நின்ன மாதிரி காட்டினார், காலைத் தூக்கி, பூட்ஸ் இல்லைன்னும் காட்டினார். அப்பறம் பெரியப்பா பக்கம் திரும்பி, "வேர் இஸ் ஹீ?"ன்னு கேட்டார்.

நான் பெரியப்பா முகத்தையே பார்த்தேன். இந்த இடத்தை நல்லாக் கேளுங்க. அதுவரைக்கும் அவர் பண்ணினது தப்பு, தெரியாம பண்ணினது. வெள்ளைக்காரன் வாயாலே வந்தப்பறம் இங்கிலீஷ் புரிஞ்சுபோச்சு. முகத்துல ரத்தமே இல்லை. எதிர்ல பெஞ்சுல அவர் மகள், பக்கத்துல மாப்பிள்ளை, பின்னாடி மில் அதிகாரிங்க. புலாவ் அடுப்புக்கிட்டேர்ந்து எங்கம்மா முந்தானையால கையைத் துடைச்சுக்கிட்டு எட்டிப் பார்க்கறாங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என் தம்பி மகன்தான், கோலார்ல இருக்கான், கூப்பிடறேன்னு சொன்னாப் போதும்.

பெரியப்பா சிரிச்சார். "ஹீ ஹேஸ் லெப்ட், சார். ஹீ இஸ் அவுட்"ன்னார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க, இங்கிலீஷ் புரிஞ்சும் சிரிச்சீங்க, புரியாமலும் சிரிச்சீங்க. பாண்டு வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மேடையை விட்டு இறங்கும்போது பெரியப்பா என் கையில பெப்பர்மின்ட் டின் ஒண்ணை அழுத்தினார். மூடியில ராஜா ராணி படம். சாக்கடையில போட்டேன். மறுநாள் காலையில பலகையில கேப்டன் பேர்தான் இருந்துது. அதுக்கடுத்த வருஷமும், அதுக்கடுத்த வருஷமும்.

அண்ணன் நாலாவது வருஷம் திரும்பி வந்தான். வந்தது அவன் இல்லை, இருமல்தான் வந்துது. மார்ல கல்லுத் தூசி அடைச்சுடுச்சுன்னு டாக்டர் சொன்னார். படுக்கையில காலை மட்டும் ஆட்டிக்கிட்டே இருப்பான், இடது காலை. மழைக்காலம் முடியறதுக்குள்ள போயிட்டான். அடக்கம் முடிஞ்சு வரும்போது அம்மா பள்ளிக்கூட வாசல்ல நின்னுட்டாங்க. எழுத்துத் தெரியாதவங்க. பலகையைக் கைகாட்டி, "இன்னிக்கு என்ன எழுதியிருக்கார், படி"ன்னாங்க. படிச்சேன். ஏதோ ஒரு ராணி பொறந்த நாள். "அவ்வளவுதானா? என் புள்ள இல்லையா?"ன்னாங்க.

குழாயில தாவணி முனையை நனைச்சேன். ராணியைத் துடைச்சேன். பெயின்ட்ல எழுதின 'இந்நாளில்' மட்டும் போகலை, அதையும் நகத்தாலே சுரண்டினேன். பின்னாடி பெரியப்பா நின்னுக்கிட்டிருந்தார். தடுக்கலை. "தேதி அழியுதே"ன்னு மட்டும் சொன்னார். "அழியட்டும்"ன்னேன். மறுநாள் திரும்ப எழுதினார்.

அப்பறம் கதை சின்னது. மாப்பிள்ளையும் மகளும் கப்பலேறி ஆப்பிரிக்கா போனாங்க, போனவங்க போனவங்கதான். பெரியம்மா போயிட்டாங்க, எங்கம்மாவும் போயிட்டாங்க. பெரியப்பா கை கால் விழுந்து படுத்தப்போ அந்த வீட்டுல நான் ஒருத்திதான். கஞ்சி குடுத்தேன், துடைச்சு விட்டேன், பொரட்டிப் போட்டேன். தெருவே என்னைப் புகழ்ந்துது. ஆனா ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் வந்தா, கஞ்சிக் கிண்ணத்தோட எதிர்ல உக்காந்து, "இன்னிக்கு என்ன நாள் பெரியப்பா? ஒப்பிங்க"ம்பேன். உலகத்துத் தேதியெல்லாம் சொன்ன வாய், மூடிக்கும். கண்ணுலேர்ந்து தண்ணி வரும். ஒரு ஸ்பூன் கஞ்சி போடுவேன். திரும்பக் கேப்பேன். எனக்கு அதுல சந்தோஷம் இருந்துதான்னு கேக்கறீங்களா? இருந்துது. நிறையவே இருந்துது.

கடைசியில ஒரு நாள் அவரே என் கையைப் பிடிச்சார். "நான் இங்கிலீஷ்ல தப்புப் பண்ணிட்டேன்மா."

"இங்கிலீஷ்ல பண்ணினது தப்பு பெரியப்பா. மேடையில பண்ணினதுக்கு என்ன பேரு?"

பிடிச்ச கையை விடலை. அப்பறம் சொன்னார், "எனக்கு யாருமில்லை. கல்லறைத் திருநாளுக்கு என் பேரையும் சொல்லிடும்மா. மறந்துடாதே." அவர் குரல்ல அவ்வளவு பயத்தை நான் கேட்டதில்லை. நமக்கெல்லாம் தெரியுமே, உத்தரிக்கிற ஸ்தலத்துல கிடக்கற ஆத்துமாவுக்கு இங்க இருக்கறவங்க வேண்டுதல்தான் ஏணி. பேர் சொல்லி வேண்ட ஆள் இல்லாட்டி அங்கேயே கிடந்து வேக வேண்டியதுதான்.

"மறக்க மாட்டேன் பெரியப்பா"ன்னேன். மறக்கலை.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும், பூசையில வேண்டிக்கற பேரையெல்லாம் எழுதிக்கற கோயில் உபதேசியார்கிட்டப் போய் நிப்பேன். எங்கப்பா பேர், எங்கம்மா பேர், பெரியம்மா பேர்கூடச் சொல்லுவேன். அண்ணன் பேரைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுவேன். "வேற யாராவது இருக்காங்களாம்மா?"ன்னு கேப்பார். "இல்லைங்க"ன்னு முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு வந்துடுவேன். ஒரு வருஷம் தவறினதில்லை. பாவமா இருந்தா நான் அங்க போய்ப் பதில் சொல்லிக்கறேன். அவரும் அங்கதானே இருப்பார், நேர்லயே பேசிக்குவோம்.

இப்ப உபதேசியார் வேலை பார்க்கறது ஒரு சின்னப் பையன். சாயங்காலம் பந்தாடறவன், முட்டியெல்லாம் காயம். போன வருஷம் நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, காதைச் சொறிஞ்சுக்கிட்டே, "பாட்டி, ஹால்ல போட்டோவுல இருக்காரே ஹெட்மாஸ்டர், உங்க பெரியப்பாதானே? அவர் பேர் விட்டுப்போச்சு போல"ன்னான்.

"விட்டுப்போகலைப்பா. லெப்ட் அவுட்."

அவன் சிரிச்சான். "அவர் பிளேயரா பாட்டி? எனக்குத் தெரியாதே!"

"அப்ப ஆடலை"ன்னேன். "இப்ப அந்த இடத்துலதான் நிக்கறார்."